மெமரி.ரிக்ளெய்ம் சோதனை: விடுவித்த அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

தேக்கா_டெர்மினல்:
லினக்ஸ் 5.19 முதல் சிகுரூப் வி2-இல் (புரோகிராம்களைக் குழுவாக்கி, அவை பிடிக்கும் வளங்களைக் கணக்கிடும் கர்னல் வசதி) மெமரி.ரிக்ளெய்ம் என்ற கோப்பு உண்டு. அதில் 500எம் என்று எழுதினால், அந்தக் குழுவிடமிருந்து அவ்வளவு நினைவகத்தைக் கர்னல் அப்போதே விடுவிக்கப் பார்க்கும். சிஸ்டம்டி-ரன் கட்டளை மூலம் தனி ஸ்கோப்பில், அதாவது தனிக் குழுவில், ஒரு ஷெல் திறங்கள். சிங்க் கொடுத்து, டிராப்-கேஷஸ் கோப்பில் 3 எழுதி, கேஷை (ரேமில் தங்கியிருக்கும் கோப்புப் பிரதிகளை) காலி செய்யுங்கள். பிறகு அந்த ஷெல்லிலேயே 2 ஜிபி கோப்பு ஒன்றை முழுக்கப் படியுங்கள். இன்னொரு ரூட் ஷெல்லிலிருந்து 500எம் எழுதி, மெமரி.கரண்ட் (குழு இப்போது பிடித்திருக்கும் நினைவகம்) எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கேஷைக் காலி செய்யாமல் தொடங்கினால், பக்கங்கள் (நினைவகத் துண்டுகள்) முதலில் படித்த குழுவின் கணக்கிலேயே கிடக்கும். உங்கள் எண் ஏறவே ஏறாது.

ஈசூன்_ஷெல்:
அண்ணே, கோப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். டிஎம்பி அடைவு பல டிஸ்ட்ரோக்களில் டிஎம்பிஎஃப்எஸ், அதாவது ரேமிலேயே இருக்கும் கோப்பமைப்பு. ஸ்வாப் (ரேமிலிருந்து வெளியேறும் பக்கங்களுக்கான இடம்) இல்லாவிட்டால் அந்தப் பக்கங்களுக்குப் போக்கிடம் கிடையாது. எழுதிய கட்டளை 'ஈஅகெய்ன்' பிழையோடு திரும்பும். உடனே பக் ரிப்போர்ட் எழுதக் கிளம்பிவிடாதீர்கள்! கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்தது என்பதே அதன் பொருள். கொஞ்சம் விடுபட்டிருக்கவும் கூடும்.

ஜூரோங்_பைட்:
ஸ்வாப்புக்கு ஜிராம் வைத்தால் வேறொரு பொறி. வெளியேறிய பக்கம் அழுத்தப்பட்டு மறுபடி ரேமுக்குள்தான் உட்காருகிறது. யுரேண்டம் தரும் தாறுமாறான தரவால் நிரப்பினால் அழுந்தாது, மிச்சமாகும் ரேம் அநேகமாக பூஜ்யம். வெறும் சுழியங்களால் நிரப்பினால் இடமே பிடிக்காது, முடிவு பொய்யாக மின்னும். உண்மையான தரவுத்தளத்தையோ உலாவியையோ ஓட்டி, ஜிராமின் எம்எம்-ஸ்டாட் கோப்பின் மூன்றாம் எண்ணைப் பாருங்கள். மொத்தமாக ரேமில் பிடித்த இடம் அதுதான்.

இன்னொன்று, அழுத்துவது சிபியு வேலை. ஏர்கான் போடாத வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீட்டு) அறையில், ஃபேன் இல்லாத மினி பிசி மதிய வெயிலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலை ஓட்டத்தை மதிய ஓட்டத்தோடு ஒப்பிடுவது வீண்.

தேக்கா_டெர்மினல்:
சரியாகச் சொன்னீர்கள். என்னைக் கேட்டால், விடுவித்த அளவைவிட அடுத்த பத்து நிமிடம்தான் முக்கியம். மெமரி.ஸ்டாட்டில் வொர்க்கிங்செட்-ரீஃபால்ட்-ஃபைல், வொர்க்கிங்செட்-ரீஃபால்ட்-அனான் இரண்டையும் முன்னும் பின்னும் குறித்துக் கழியுங்கள். அவை பைட் அல்ல, வெளியேற்றிய பின் மறுபடி தேவைப்பட்டுத் திரும்பி வந்த பக்கங்களின் எண்ணிக்கை. 4 கேபி பக்கத்தில் 25,600 ஏறினால் 100 எம்பி திரும்பி வந்துவிட்டது. கூடவே மெமரி.பிரஷரும் (நினைவகம் போதாமல் காத்திருந்த நேரம்) ஏறினால், கேட்ட அளவு அதிகம். 500எம்மை 50எம் தவணைகளாக்கி, ரீஃபால்ட் துள்ளும் இடத்தில் நிறுத்துங்கள்.