அழித்தது ஒரு இடத்தில், காணாமல் போனது எல்லா இடத்திலும்: உங்களுக்கு நடந்ததுண்டா?

தூங்காதகண்:
போனில் இடமில்லை என்று மூன்று நாளாக அறிவிப்பு. கடைசியில் கேமராவே திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. போட்டோ எல்லாம்தான் கூகுள் போட்டோஸில் 'பேக்கப்' ஆகி கிளவுடில் (இணையச் சேமிப்பில்) ஏறிவிட்டதே, போனில் இன்னொன்று எதற்கு என்று உட்கார்ந்து மூன்று வருடத்துப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கப்படும் என்று ஏதோ போட்டிருந்தது. படித்தேன் என்று சொல்ல மாட்டேன். கண் பார்க்கும் முன்பே விரல் 'சரி'யைத் தட்டிவிட்டது.

ஏழு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அம்மா பூனையைத் திட்டும் ஒரு 14 விநாடி வீடியோவைத் தேடினேன். அம்மா இப்போது இல்லை. அவர் குரல் இருக்கிற ஒன்றிரண்டு வீடியோக்களில் அது ஒன்று. போனில் இல்லை. டேப்லட்டில் இல்லை. கணினியில் அதே கணக்கைத் திறந்தால் அங்கேயும் மூன்று வருடம் வழித்துத் துடைத்தாற்போல் கிடக்கிறது.

குப்பைத்தொட்டி என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரவே அரை மணி நேரம் ஆனது. உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. 60 நாள் வைத்திருப்பார்களாம். நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். அன்று 52வது நாள். அதன் பிறகு அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை, பெயருக்கேற்றபடி.

எனக்கு மட்டும்தானா, இல்லை உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
தப்பித்தீர்கள். இதில் ஏமாறாதவர்கள் குறைவு, காரணம் அந்த 'பேக்கப்' என்ற சொல்தான். பேக்கப் என்றதும் வேறெங்கோ பத்திரமாக ஒரு பிரதி இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது ஒத்திசைவு, அதாவது சிங்க். ஒரே வீட்டுக்கு மூன்று வாசல் மாதிரி: போன் ஒரு வாசல், டேப்லட் ஒன்று, கணினி ஒன்று. எந்த வாசல் வழியாகத் தூக்கி எறிந்தாலும் வீட்டுக்குள் அந்தப் பொருள் இருக்காது.

நாள் கணக்கும் ஆளுக்கொன்று. கூகுள் போட்டோஸில் மேலே ஏறிவிட்ட படம் என்றால் குப்பைத்தொட்டியில் 60 நாள், ஏறாத படம் என்றால் 30 நாள்தான். கூகுள் டிரைவிலும் ஜிமெயிலிலும் 30 நாள். ஆப்பிளின் 'சமீபத்தில் நீக்கியவை' ஆல்பத்திலும் ஏறக்குறைய அவ்வளவே.

போனில் இடம்தான் பிரச்சினை என்றால் படத்தைக் கையால் அழிக்கவே கூடாது. கூகுள் போட்டோஸ் செயலிக்குள் 'இடத்தைக் காலி செய்' என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. மேலே ஏறி முடித்தவற்றைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். ஐபோனில் அமைப்புகளுக்குள் போய்ச் சேமிப்பிடத்தைச் சிக்கனமாக்கும் தெரிவை இயக்கினால் போனில் சின்ன அளவுப் படம் இருக்கும், அசல் ஆப்பிளின் கிளவுடில் இருக்கும். இரண்டின் நோக்கமும் ஒன்றுதான்.

அரைத்தூக்கம்:
என் கதையில் அழித்தது நான் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தோம், கோப்பெல்லாம் ஒரு பகிர்ந்த ஃபோல்டரில். அதில் ஒருத்தர் ரொம்பச் சுத்தக்காரர். தன் லேப்டாப்பில் 'தேவையில்லாதது' என்று அந்த ஃபோல்டருக்குள் பாதியைக் காலி செய்துவிட்டார். தன்னுடைய பிரதியைத்தான் அழிக்கிறோம் என்று சத்தியமாக நம்பியிருக்கிறார் மனுஷர். மறுநாள் காலையில் நாலு பேர் லேப்டாப்பிலும் பாதிக் கோப்பு இல்லை. கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டோம், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எல்லாம் திரும்பி வந்தது. ஆனால் அன்றிலிருந்து யாரைச் சேர்த்தாலும் முதலில் 'பார்க்க மட்டும்'. திருத்தும் உரிமை கேட்டால் கொடுப்போம்.

மழைக்காகிதம்:
நான் எதையும் அழிக்காமலே மாட்டிக்கொண்டவள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் என்பது எனக்குத் தெரியாது. 2021 ஜூன் 1க்கு முன்பு சுருக்கிய தரத்தில் ஏற்றிய படங்கள் அந்தக் கணக்கில் வராது. அந்தப் பழக்கத்திலேயே அதற்குப் பிறகும் வீடியோவாக ஏற்றித் தள்ளியிருக்கிறேன். நிரம்பியதும் மெயில் வருவது நின்றது. எனக்கு யாரும் எழுதவில்லை என்று இருந்தேன். எழுதியவர்களுக்கோ திரும்பிப் போயிருக்கிறது. ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் அப்படிப் போனது.

கணினியில் ஜிமெயில் தேடல் பெட்டியின் ஓரத்தில் ஒரு வடிகட்டிக் குறி இருக்கும், அதைத் தட்டி 10 எம்பிக்கு மேல் என்று கேளுங்கள். பல வருடத்து இணைப்புக் கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும். அழித்த பிறகு குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். (ஆமாம், மேலே சொன்ன அதே குப்பைத்தொட்டி. காலி செய்யும் முன் ஒரு தடவை உள்ளே எட்டிப் பாருங்கள்.)

நானேராஜா:
இதுக்குத்தான் நான் கிளவுட் பக்கமே போறதில்லை. எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க். என் கையில, என் அலமாரியில.

கணக்குப்பிள்ளை:
ராஜா, அந்த டிஸ்க் ஒரு நாள் 'டிக், டிக்' என்று சத்தம் போடும். அப்புறம் மௌன விரதம். எனக்கு நடந்தது, மேசை உயரத்திலிருந்து ஒரே ஒரு தடவை விழுந்ததுதான். புகைப்படக்காரர்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்றும் முடியாவிட்டாலும், சிங்கில் இல்லாத ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீரும்.

ஈரத்துண்டு:
சிரிக்காதீர்கள். கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல் போதாது, போனிலும் உறுதிசெய்ய வேண்டும்) போட்டிருந்தேன். போன் தொலைந்தால் நுழைவதற்கென்று 10 காப்புக் குறியீடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அக்கறையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். எங்கே? அதே போனில். போன் தண்ணீரில் விழுந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட்டும் கிளவுடில் ஏறியிருந்தது, ஆனால் கிளவுடைத் திறக்க அந்தக் குறியீடுதான் வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கிறேன்.

பழைய லேப்டாப் ஒன்றில் வெளியேறாமல் விட்டிருந்தேன், அது காப்பாற்றியது. சார்ஜர் தேடியதுதான் பெரிய பாடு. இப்போது குறியீடு காகிதத்தில், அடையாள ஆவணங்கள் இருக்கும் உறைக்குள்.

மழைக்காகிதம்:
அக்கா, சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

இன்னொன்று: பழைய மெயில் கணக்கு எதிலாவது படம் போட்டு வைத்திருந்தால் எல்லாரும் ஒரு தடவை திறந்து பாருங்கள். இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கலாம், 2023 டிசம்பரிலிருந்து அந்த நடைமுறை வந்துவிட்டது. உள்ளே நுழைந்து ஒரு மெயிலைப் படித்தாலே போதும்.

தூங்காதகண்:
எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சொன்னபடி சிங்கில் இல்லாத ஒரு பிரதி வேண்டும் என்று, கூகுள் டேக்அவுட்டில் (நம் கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி) மொத்தப் போட்டோவும் கேட்டேன். மாலையில் கேட்டது, மறுநாள் காலையில் இணைப்பு வந்தது, ஜிப் ஜிப்பாகப் பிரித்து. அதை ஒரு டிஸ்க்கில் இறக்கி, கம்பியைக் கழற்றி, தங்கை வீட்டில் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் இணையத்தைத் துண்டித்துவிட்டு அந்த வீடியோ மட்டும் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடுகிறது. பூனைக்கு இன்னும் திட்டு நிற்கவில்லை.

நானேராஜா:
டேக்அவுட்ல பெரிசு பெரிசா வந்தா நடுவுல அறுந்துடுமா? நானும் இன்னொரு டிஸ்க் வாங்கிட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு.

தூங்காதகண்:
கேட்கும்போதே ஒவ்வொரு ஜிப்பும் 2 ஜிபிதான் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப இறக்கலாம். இணைப்பு ஏழு நாள்தான் இருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.