வாயில் சும்மா இருக்கிற கேண்டிடா திசுவைத் துளைப்பது எப்படி?

மைக்ரோ_மாணவி:
கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை நிறைய பேர் வாயிலும் குடலிலும் தொந்தரவே இல்லாமல் இருக்கிறது. பிறகு எபிதீலியத்துக்குள் (வாய், குடலை மூடியிருக்கும் செல் அடுக்குக்குள்) எப்படிப் புகுகிறது? ஜெர்ம் டியூப் டெஸ்டில் (சீரத்தில் வைத்து அல்பிகன்ஸை அடையாளம் காணும் சோதனையில்) பார்க்கும் வாலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? கேண்டிடா டிராபிகாலிஸ் என்ற இன்னொரு இனத்திலும் சில நேரம் வால் தெரிகிறதே?

பூஞ்சைக்காளான்:
அதே வால்தான். உருண்டை ஈஸ்ட்டாகவே இருந்தால் அதனால் துளைக்க முடியாது, ஹைஃபாவாக (நூல் போன்ற இழையாக) நீள வேண்டும். 37 டிகிரி, சீரம், நடுநிலை பி.எச். எல்லாம் அதைத் தூண்டும். நீண்டதும் செல் சுவரில் புதுப் புரதங்கள் வரும். அதில் எச்.டபிள்யூ.பி.1 என்ற புரதத்தை நம்முடைய டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியே எபிதீலியத்தோடு ஒட்டிக் கொடுக்கிறது, வேடிக்கைதான்! ஏ.எல்.எஸ்.3 என்ற இன்னொரு புரதம் நம் செல்லின் மேலுள்ள ஈ-கேட்ஹெரின் புரதத்தைப் பிடித்ததும், அந்தச் செல் தானாகவே பூஞ்சையை விழுங்குகிறது. இந்த வழியில் செத்த ஹைஃபாவும் உள்ளே போகும். இன்னொரு வழி, நுனி வளர்ந்து முட்டித் தள்ளுவது. அதற்கு உயிர் வேண்டும். குடல் செல்களில் பெரும்பாலும் இந்த வழிதான்.

இம்யூனோ_ரவி:
ஒன்று சேர்க்கிறேன். உள்ளே போவது வேறு, செல்லைக் கெடுப்பது வேறு. பூஞ்சையின் ஈ.சி.இ.1 மரபணுவை நீக்கினாலும் ஹைஃபா நன்றாக வளரும், நுழையும், ஆனால் சேதம் பெரிதாக இருக்காது. அந்த மரபணுவிலிருந்து வரும் 31 அமினோ அமில பெப்டைடுதான் கேண்டிடாலைசின் (2016-இல் வெளியானது). ஹைஃபா அழுத்தி உண்டாக்கிய குழியில் அது தேங்கி, செல் சவ்வில் ஓட்டை போடுகிறது. எபிதீலியமும் அதை வைத்தே ஆபத்தை உணர்ந்து நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களை அழைக்கிறது. வாயில் இந்தக் காவலின் முக்கியக் கண்ணி ஐ.எல்.-17 என்ற சமிக்ஞைப் புரதம்; சி.டி.4 என்ற நோயெதிர்ப்புச் செல்கள் அதைச் சுரக்கின்றன. எச்.ஐ.வி.யில் சி.டி.4 குறையும்போது வாயில் வெள்ளைப் படலம் வருவது இதனால்தான்.

லேப்_அக்கா:
டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன் மா. 0.5 மி.லி. சீரத்தில் காலனியை லேசாகத் தொட்டுக் கலக்கினால் போதும். நிறைய போட்டால் வாலே வராது. 37 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம், அதற்கு மேல் வைக்காதே. டிராபிகாலிஸ் போலி ஹைஃபா (பிரியாமல் நீண்ட மொட்டுகள்) விட்டுக் குழப்பும். வால் தொடங்கும் இடத்தைப் பார்: அல்பிகன்ஸில் அங்கே இடுக்கம் இருக்காது, போலியில் இருக்கும். தெரிந்த அல்பிகன்ஸ் ஒன்றைக் கூடவே ஓட்டு. அது வால் விடவில்லை என்றால் சீரத்தைச் சந்தேகப்படு.

மாதிரியை 10 சதவீத கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் பார்க்கும்போது மொட்டு விடும் செல் மட்டும் தெரிகிறது என்று ஈஸ்ட் இல்லை என எழுதிவிடாதே. கிளப்ராட்டா என்ற ஈஸ்ட் இனம் ஹைஃபா விடாது.