கத்திரி வெயிலும் 100 டிகிரி பிராசசரும்: அனுபவப் பகிர்வு

வேலூர் உறுப்பினர்:

திருமண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் வேலை செய்வதால், பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை அந்தச் சூட்டை என் தலைமேல் இறக்கிக்கொண்டே இருக்கும். சென்ற ஆண்டு மே மாதத்தில், வழக்கமாக 40 நிமிடங்களில் முடியும் ரெண்டர் (எடிட் செய்ததை ஒரே வீடியோ கோப்பாக்கும் வேலை) ஒன்றேகால் மணி நேரம் இழுத்தது. வைரஸ் புகுந்துவிட்டது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன்; அவர் விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்தார். ஏ.சி. போட்ட அவருடைய கடையில் கணினி குதிரையாக ஓடியது, என் அறைக்கு வந்ததும் மீண்டும் படுத்துக்கொண்டது. அந்த வேறுபாட்டை அன்றே யோசித்திருந்தால் இரண்டு வாரமும் கொஞ்சம் பணமும் மிஞ்சியிருக்கும்.

பிறகு வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிப் பார்த்தேன். ரெண்டர் தொடங்கி இரண்டு நிமிடம் ஆவதற்குள், கணினியின் மூளையான பிராசசர் 100 டிகிரியைத் தொட்டது. 4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த வேகம் அந்த நொடியிலேயே 2.6க்கு விழுந்தது. என்னிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ5 10400. அதற்கு 100 டிகிரிதான் உச்ச வரம்பு என்பதால், அதை எட்டியதும் கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கணினி அணைவதில்லை, திரையில் எச்சரிக்கையும் வருவதில்லை. வேலை மட்டும் மெதுவாகிறது.

கேபினட்டைத் திறந்து, பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் மின்விசிறியைக் கழற்றியபோது, சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்கின் தகடுகளுக்கு மேல் தூசி கம்பளித் துண்டுபோல் விரிந்திருந்தது. நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பியதும் முழுவதும் உரிந்து கையோடு வந்தது. அதைவிடப் பெரிய குற்றவாளி வேறொன்று. கூலரை மதர்போர்டோடு (பிராசசர் பொருத்தப்பட்டுள்ள முதன்மைப் பலகை) பிணைக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் ஹீட் சிங்க் பிராசசரை ஒழுங்காகத் தொடவே இல்லை. அடியில், பிராசசரின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகியிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் பழையதைத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவுக்குப் புதிய பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலைகளாக நான்கு பின்களையும் டக் என்ற ஓசை வரும்வரை அழுத்தினேன். அன்று மாலை அறை 36 டிகிரியில் இருந்தபோது அதே ரெண்டரில் பிராசசர் 82க்கு மேல் போகவில்லை.

அதற்குப் பின்தான் ஒரு பழக்கம் வந்தது. சுவரில் ஒரு சாதாரண வெப்பமானியை மாட்டி, அறையின் வெப்பத்தையும் பிராசசரின் வெப்பத்தையும் தினசரி காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி வைக்கிறேன். மார்கழியில் அறை 26, பிராசசர் 72. மே மாதத்தில் 36க்கு 82. வெயில் ஏற ஏற இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, இடைவெளி மட்டும் 46ஐ ஒட்டியே நிற்கிறது. காற்றால் குளிரும் கூலர் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் கொண்டுபோக முடியாது என்பதால், அறை சுடும் அளவுக்கு பிராசசரும் சுடத்தான் செய்யும். இடைவெளி 46லிருந்து 55, 60 என்று விரிந்தால் மட்டுமே தூசியோ பேஸ்ட்டோ பின்னோ காரணம் என்று நான் ஸ்குரூடிரைவரை எடுக்கிறேன்.

தூத்துக்குடி உறுப்பினர்:

என்னுடையது மடிக்கணினி. கட்டிலில் மெத்தைமேல் வைத்து வேலை செய்வேன். அடியில் உள்ள காற்றுத் துளைகளைப் போர்வை அடைத்துக்கொள்வது தெரியாமல், விசிறி இரைவதைக் கோடைக்காலத்தின் குணம் என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது மேசையில் வைத்து, பின்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு தண்ணீர்ப் போத்தல் மூடிகளைக் கொடுத்திருக்கிறேன். விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக்கினால் டர்போ வேகம் (தேவைப்படும்போது பிராசசர் தானாகக் கூட்டிக்கொள்ளும் கூடுதல் வேகம்) நின்றுவிடும் என்று நண்பர் சொல்ல, அதையும் செய்தேன். என்னுடைய ஐ5 8250யு அதன் பிறகு 1.6 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே ஓடுகிறது. வினாத்தாள் தட்டச்சு செய்யும் ஆசிரியைக்கு அது போதும். வேலூர்க்காரருக்குக் கட்டாயம் போதாது.

மதுரை உறுப்பினர்:

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைப்பது பலரும் செய்வதுதான், உடனே சில டிகிரி குறையவும் குறையும். ஆனால் எங்கள் தெருப் புழுதிக்கு மூன்றே வாரத்தில் உள்ளே செம்மண் படிந்துவிட்டது. அதைவிட மோசமாக, தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைக் கேபினட்டுக்கு நேராக வைத்த ஆண்டில், போர் தண்ணீரின் உப்பு நுண்துளிகளாகத் தெறித்து கிராஃபிக்ஸ் கார்டின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஏர் கூலர் அறையைக் குளிர்விக்கட்டும், கணினியின் முகத்தில் ஊதக் கூடாது. இன்னொன்று: புளோயரால் தூசியை ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிச் சுழன்று அதன் பேரிங் கெட்டுப்போன அனுபவம் எனக்கு உண்டு.

வேலூர் உறுப்பினர்:

இந்த ஆண்டு பங்குனியிலேயே மாடித் தளத்துக்கு வெள்ளைக் குளிர்ப் பூச்சு அடித்துவிட்டேன். நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு அறை 33, ரெண்டரின் நடுவில் பிராசசர் 80. இடைவெளி 47. நீளமான வேலைகளை மட்டும் விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும்படி அலாரம் வைத்திருக்கிறேன்.