7/8-ல சொல் இடறுது, 18 நிமிஷப் பாட்டுல குரலும் கம்முது: என்ன செய்யலாம்?

பாளை_கீபோர்டு
காலேஜ் பேண்டுக்கு 18 நிமிஷத்துல ஒரு தமிழ் புரோக்ரெசிவ் ராக் (தாளம் மாறி மாறி வர்ற நீளமான ராக் வகை) பாட்டு. நடுவுல 7/8 வருது (சுற்றுக்கு ஏழு எட்டாம் நோட்டு, அதாவது ஏழு எண்ணிக்கை), டெம்போ 140 (நிமிஷத்துக்கு 140 கால் நோட்டு; எட்டாம் நோட்டு அதுல பாதி). பாடுறவர் மிருதங்கம் படிச்சவர். ஆனாலும் ரெண்டாவது வரியிலேயே டிரம்ஸை விட்டு விலகிடுதார். பத்து நிமிஷம் தாண்டினா மேல் ஸ்தாயி கம்முது. இசை மட்டும் வர்ற 4 நிமிஷம் அவர் எங்க நிக்கணும்னும் தெரியல. பாளையங்கோட்டையில திறந்தவெளி மேடை, ஆனி மாசம். விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

சாப்புதாளம்
மிருதங்கம் படிச்சதுதான் சிக்கலே. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்புன்னா வாய் தானா ‘தகிட தகதிமி’ன்னு 3+4 போடும். ராக் ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற இசைத்துணுக்கு) பெரும்பாலும் 2+2+3, ‘தக தக தகிட’. ரெண்டும் ஏழுதான், ஆனா இவர் 4-ல அழுத்துவார், டிரம்மர் 5-ல ஸ்னேர் (‘சட்’னு கேக்குற டிரம்) அடிப்பார். முதல்ல டிரம்மர் எப்படிப் பிரிக்கிறார்னு கேளுங்க.

2+2+3-ன்னா ரெண்டு வழி. ஒண்ணு, வரியையே மாத்துறது. ‘பொழுது மழை வரும்’ 3+4-ல உக்காரும். அதையே ‘மழை வரும் பொழுது’ன்னு திருப்பினா 2+2+3. நெடிலுக்கு ரெண்டு எண்ணிக்கை கொடுக்கணும். அது ரெண்டு பிரிவுக்கு நடுவுல பாலம் போட்டா அழுத்தம் செத்துரும். இன்னொண்ணு, எடுப்பை, அதாவது பாட்டு தொடங்குற இடத்தை, 5-ல வைக்கிறது. ரிஃப்போட கடைசி மூணு ‘தகிட’ ஆயிரும், அடுத்த சுற்றோட முதல் நாலு ‘தகதிமி’. பழகின வாயை மாத்தவே வேண்டாம்.

இதுல புதுசு ஒண்ணும் இல்ல, 2+2-ஐச் சேத்து 4-ன்னு பாத்தா இது 4+3, அதுக்கு விலோம சாப்புன்னே பேர் உண்டு. சியாமா சாஸ்திரி கையாண்டிருக்கார்.

வண்ணாரப்பேட்டை_சவுண்ட்
மேடைக்கு எதிர்ல கட்டடம் இருக்கா? 25 மீட்டர்ல சுவர் இருந்தா சத்தம் போய்த் திரும்ப சுமார் 145 மில்லிசெகண்ட். 140-ல ஒரு எட்டாம் நோட்டே 214 மில்லிசெகண்ட்தான். அந்த எதிரொலியைக் கேட்டுப் பாடினா யாரும் இழுத்துருவாங்க. அதனால மானிட்டர்ல (பாடுறவரைப் பாத்து வைக்கிற ஸ்பீக்கர்) அவர் குரலும் ஹைஹாட்டும் (டிரம்ஸ்ல இருக்க ஜோடித் தட்டு) போதும். கிட்டார் வேண்டாம், எக்கோ அறவே வேண்டாம்.

பாடுற மைக் ஷ்யூர் எஸ்.எம். 58-ன்னா மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால. பீட்டா 58-ன்னா கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி வைங்க, அதுக்கு நேர் பின்னாலயும் காது உண்டு. வலைத்தலையைப் பொத்திப் பிடிச்சா ரெண்டுமே ஊளையிடும். கோயில் கொடைக்கு மைக் செட் போடுதவங்ககிட்ட மானிட்டர் இல்லாமலும் இருக்கும், முன்கூட்டியே கேட்டுருங்க. ஆனிக் காத்துக்கு மைக்குல பஞ்சு உறை கட்டாயம்.

மேல்_ஷட்ஜமம்
கம்முறதுக்கு முதல் காரணம் சுருதி. கிட்டாருக்கு வசதியான சுருதியில பாட்டைப் போட்டுட்டு, பாடுறவரை ஏறச் சொல்லுதாங்க. எல்லாரும் அரை சுருதி இறக்குங்க. பத்தலன்னா ஒரு முழு சுருதி, அப்போ கிட்டார் கம்பி ஒரு அளவு தடிமனா போடணும்.

மூச்சுக்குக் கணக்கு இருக்கு. 140-ல ஒரு 7/8 சுற்று சரியா 1.5 செகண்ட், நாலு சுற்றுக்கு 6. நாலாவது சுற்றோட கடைசி எண்ணிக்கையைக் காலியா விட்டா சின்ன மூச்சு பிடிக்கலாம். வில்லுப்பாட்டுல பக்கத்துல இருக்கவங்க ‘ஆமா’ போடுறது புலவருக்கு மூச்சு விட இடம் கொடுக்கும்லா? அதே மாதிரி வரிக் கடைசியை நீங்க வாங்கிப் பாடுங்க.

மேடை ஏறுறதுக்கு முன்ன அரை டம்ளர் தண்ணியில ஸ்ட்ராவை ரெண்டு விரக்கடை முக்கி, 5 நிமிஷம் ‘ஊ’ன்னு கீழிருந்து மேல வழுக்கிப் பாடச் சொல்லுங்க. மெந்தால் மிட்டாய் வேண்டாம், தொண்டையைக் காயவைக்கும்.

இசைப் பகுதியில மைக்கை அணைச்சுட்டு டிரம்ஸ் பக்கம் ஒதுங்கணும். திறந்து கிடந்தா சிம்பல் (டிரம்ஸோட உலோகத் தட்டு) சத்தம் பூரா அதுல ஏறும். 8 சுற்றுக்கு முன்ன, அதாவது 12 செகண்ட் இருக்கும்போது திரும்பி வந்துரணும். அந்த நேரத்துல வேஷம் மாத்தலாம்னு ஆசை வரும். ஜெனசிஸ்ங்கிற இங்கிலாந்து புரோக்ரெசிவ் ராக் பேண்டோட பாடகர் பீட்டர் கேப்ரியல் 1974–75 பயணத்துல போட்ட ஸ்லிப்பர்மேன் உடையில மைக்கை வாய்கிட்ட கொண்டுபோகவே முடியாம திண்டாடினார். வாயை மறைக்காத எதுவும் சரி.

பாளை_கீபோர்டு
டிரம்மர் 2+2+3-தான் அடிக்கார். எடுப்பை 5-ல வச்சுப் பாக்கோம். டிரம்மர் காதுல கிளிக் (எண்ணிக்கையைக் காட்டுற ‘டிக் டிக்’ சத்தம்) போடலாமா?

சாப்புதாளம்
போடலாம், ஆனா கால் நோட்டு கிளிக் வேண்டாம். ஒண்ணு விட்டு ஒரு சுற்றுல அது எதிர்அடியில விழுந்து ஆளைக் குழப்பும். எட்டாம் நோட்டுக்கு வச்சு, 1-ல மட்டும் வேற சத்தம் கொடுங்க.