போர்டில் எச்டிஎம்ஐ இருக்கு, டிஸ்பிளே வரல: ஆன்போர்டு கிராபிக்ஸ் எங்கே போச்சு?

பிசி_புதுசு:
பழைய ஜி41 போர்டில் விஜிஏ கேபிளைச் செருகினாலே படம் வரும். இப்போ பி450 போர்டு, ரைசன் 5 5600 பிராசஸர், 8 ஜிபி ரேம் ஒன்று. ஃபேன் சுத்துது, மானிட்டரில் 'நோ சிக்னல்'. கேம் வேண்டாம், ஆபீஸ் வேலை, வீடியோ போதும். ஆன்போர்டு கிராபிக்ஸ் உள்ள போர்டா மாத்திடலாமா?

திருகாணி:
மாத்தாதீங்க. அந்த எச்டிஎம்ஐ வெறும் வாசல்தான். படம் பிராசஸரில் இருந்து வரணும், 5600-ல் கிராபிக்ஸ் கிடையாது. ஆனால் முதலில் போர்டின் ஓரத்தில் சின்ன எல்இடிகள் இருந்தா எது நிலையா எரியுதுன்னு பாருங்க. விஜிஏ எல்இடின்னா கிராபிக்ஸ் இல்லாததுதான் காரணம். சிபியு எல்இடின்னா பயாஸ் (போர்டை எழுப்பும் மென்பொருள்) பழசா இருக்கலாம். பி450-ல் இது அடிக்கடி நடக்கும், அப்போ கார்டு போட்டாலும் பூட் ஆகாது. பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தா பென்டிரைவ் வழியா புதுப்பிங்க.

வாங்கும்போது கடைசி எழுத்தைப் பாருங்க. உங்க போர்டின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான ரைசனில் 'ஜி' இருந்தா கிராபிக்ஸ் உண்டு: 3200ஜி, 5600ஜி. இன்டெலில் 'எஃப்' இருந்தா கிடையாது: 12400-ல் உண்டு, 12400எஃப்-ல் இல்லை.

நார்த்பிரிட்ஜ்:
ஏன் மாறியது என்பதற்கு விடை ரேமில் இருக்கிறது. ஜி41-ல் ரேமை இயக்கும் கன்ட்ரோலர், போர்டின் சிப்செட்டில் நார்த்பிரிட்ஜ் என்ற சில்லில் இருந்தது. அதனால் ஜிஎம்ஏ எக்ஸ்4500 கிராபிக்ஸும் அங்கேயே இருந்தது. ஏஎம்டி 2003-ல் அத்லான் 64-லும், இன்டெல் 2008-ல் நெஹாலமிலும் அந்தக் கன்ட்ரோலரை பிராசஸருக்குள் கொண்டுபோயின. அதன்பின் சிப்செட்டில் உள்ள கிராபிக்ஸ், ரேமைத் தொட பிராசஸர் வழியாகத்தான் போகவேண்டும். ஏஎம்டியின் 785ஜி போர்டுகள் சிலவற்றில் 128 எம்பி தனி மெமரி ஒட்டியிருந்ததே, அது இந்தக் குறையைச் சமாளிக்கத்தான்.

2010 ஜனவரியில் வந்த இன்டெலின் கிளார்க்டேல் பிராசஸரில் ஒரே உறைக்குள் இரண்டு சில்லுகள்: 32 நானோமீட்டரில் பிராசஸர், 45-ல் கிராபிக்ஸும் ரேம் கன்ட்ரோலரும். 2011-ல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே சில்லில் சேர்த்து, எல்3 கேஷையும் (பிராசஸருக்குள் உள்ள வேகமான சிறு நினைவகம்) கிராபிக்ஸுக்குப் பங்கு கொடுத்தது. அதே ஆண்டு ஏஎம்டியின் லானோவும் ஒரே சில்லில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், சாண்டி பிரிட்ஜுக்கான பி67 போர்டுகளில் உங்கள் சிக்கல் தலைகீழ்: பிராசஸரில் கிராபிக்ஸ் இருக்கும், அதை வெளியே கொண்டுவர சிப்செட்டில் வழி இருக்காது.

போர்டில் தனிக் கிராபிக்ஸ் சில்லு இன்றும் சர்வர்களில் இருக்கிறது. ஆஸ்பீட் ஏஎஸ்டி2500 அப்படிப்பட்டது; தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும், வீடியோ பார்க்க லாயக்கில்லை.

பிசி_புதுசு:
விஜிஏ எல்இடிதான் எரியுது. 5600ஜி-யா, ஜிடி 1030 கார்டா?

திருகாணி:
5600-ஐ மாற்றித் தருவாங்கன்னா 5600ஜி. எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி, உங்க வேலைக்கு அது தெரியாது. மாற்றலைன்னா 1030 வாங்கலாம். தனி பவர் கேபிள் வேண்டாம். ஆனால் பெட்டியில் மெமரி வகை ஜிடிடிஆர்5-ன்னு இருக்கான்னு பாருங்க. அதே பேரில் டிடிஆர்4 கார்டும் உண்டு: மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி எங்கே, 16.8 ஜிபி எங்கே!

நார்த்பிரிட்ஜ்:
5600ஜி என்றால் ஒற்றை ரேமோடு விடாதீர்கள். டிடிஆர்4-3200 ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி; இரண்டு போட்டால் 51.2. நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் செருகுங்கள். கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் ரேமை பயாஸில் 'ஆட்டோ'விலேயே விடலாம். 2 ஜிபி என்று வைத்தால் அவ்வளவும் விண்டோஸுக்குக் கிடைக்காது.