பவுலா டாங்கரே ஏன் சாக வேண்டும்?

கேள்வி: ஆங்கில நாடகாசிரியர் பினரோவின் ‘இரண்டாவது திருமதி டாங்கரே’ 1893இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் மேடையேறியபோது துணிச்சலான நாடகமாகக் கருதப்பட்டது. ஆயினும் ‘கடந்தகாலம் உள்ள பெண்’ணான, அதாவது மணத்துக்கு முன் பிற ஆண்களோடு வாழ்ந்தவளான, பவுலா தற்கொலை செய்துகொள்கிறாள், அவளுடைய பழைய வாழ்வில் பங்குகொண்ட ஆண்களுக்கு அத்தகைய தண்டனை இல்லை. இதில் புதுமை எங்கே?

மறுமொழி 1: முடிவில் இல்லை, பவுலாவின் கூர்மையிலும் கசப்பிலும் இருக்கிறது. நடிகை திருமதி பாட்ரிக் காம்ப்பெல் புகழ்பெற்றதே அந்த வேடத்தால்தான். மேலும், புதிய நாடகம் எதுவாயினும் நாடகத் தணிக்கை செய்த அரண்மனை அதிகாரியான ‘லார்ட் சேம்பர்லைன்’ அலுவலகத்தில் உரிமம் பெற்றாக வேண்டிய காலம் அது. அதே 1893இல் பெர்னார்ட் ஷா எழுதிய ‘திருமதி வாரனின் தொழில்’ நாடகத்தில் வாரனின் மகள் விவி சாகவில்லை, மணம் முடிக்கவும் இல்லை. பாலியல் தொழில் விடுதிகளிலிருந்து வரும் தாயின் பணத்தை மறுத்து, கணக்கு வேலை செய்து பிழைக்கிறாள். அதற்கு உரிமம் மறுக்கப்பட்டு, 1902இல் உறுப்பினர்களுக்கான காட்சியாக மட்டுமே நடந்தது. இங்கிலாந்தில் பொதுமக்கள் அதைப் பார்த்தது 1925இல்தான்.

மறுமொழி 2: நாடகாசிரியர்களை மட்டும் பேசுவது போதாது. பெரும்பாலான அரங்குகளை ஆண் நடிகர்களே நிர்வகித்து, தமக்கேற்ற நாடகங்களைத் தேர்ந்த நிலையில், நடிகைகள் எலிசபெத் ராபின்ஸும் மேரியன் லீயும் 1891இல் நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘ஹெட்டா காப்ளர்’ நாடகத்தைத் தாங்களே பொறுப்பேற்று லண்டனில் அரங்கேற்றினார்கள். நாயகி ஹெட்டாவும் இறக்கிறாள் என்பது உண்மையே; ஆனால் அந்தச் சாவைப் பாவத்தின் சம்பளமாக எவரும் வாசிக்க இயலாது.