கலைச்சொல்: கெபாசிட்டி ஃபேக்டருக்குக் ‘கண்டுமுதல் விகிதம்’ சரிவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம். ஒரு மின் நிலையம் முழுத் திறனில் ஓடினால் தரக்கூடிய மின்சாரத்தில் உண்மையில் எவ்வளவு பங்கு தந்தது என்பதுதான் கெபாசிட்டி ஃபேக்டர். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு நண்பர்கள் எழுதியவற்றை மேற்கோளாக எடுத்துப்போட்டுப் பதில் சொல்கிறேன்.

> கெபாசிட்டி ஃபேக்டருக்குத் ‘திறன் காரணி’ என்று போட்டுவிட்டு மேலே போகலாமா? சூரிய மின்சாரக் கட்டுரை பாதியில் நிற்கிறது.

வேண்டாம். மாறுமின்னோட்டப் பாடத்தில் பவர் ஃபேக்டருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ‘சுமைக் காரணி’யும் லோட் ஃபேக்டருக்குப் போய்விட்டது. இரண்டுமே கெபாசிட்டி ஃபேக்டரிலிருந்து வேறான சங்கதி.

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம். 1000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்து மேல்தொட்டிக்கு ஏற்றினால் செய்த வேலை சுமார் 98,000 ஜூல். வாளியில் தூக்கினாலும் மோட்டார் போட்டு ஏற்றினாலும் தண்ணீர் மீது செய்த வேலை அதேதான். தொட்டியில் நிற்கும் நீருக்குச் சேர்ந்த ஆற்றலும் அதே 98,000 ஜூல். அதனால்தான் வேலைக்கும் ஆற்றலுக்கும் ஒரே அலகு. எவ்வளவு நேரத்தில் ஏற்றினோம் என்று கேட்டால் மட்டுமே திறன் வருகிறது. பத்து நிமிடத்தில் ஏற்றினால் 163 வாட், ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் 27 வாட். மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட்மணி, 36 லட்சம் ஜூல். உராய்வு, மோட்டார் சூடாவது போன்ற இழப்பே இல்லையென்றால் ஒரே யூனிட்டில் அந்தத் தொட்டியை 36 தடவை நிரப்பலாம். நிஜத்தில் நடக்காது, அது வேறு விஷயம்.

குழப்பம் ‘மணிக்கு’ என்ற சொல்லில் தொடங்குகிறது. “மணிக்கு ஒரு கிலோவாட் செலவாகும்” என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வகுத்தல். கிலோவாட்மணி என்றால் பெருக்கல். வாட் என்ற பெயருக்குள்ளேயே ‘வினாடிக்கு’ இருக்கிறது, வினாடிக்கு ஒரு ஜூல். ஆள் பெயரை அலகுக்கு வைத்ததால் அது கண்ணில் படுவதில்லை. படாததால் இன்னொரு ‘மணிக்கு’வைச் சேர்க்கத் தோன்றுகிறது. வாட், ஜூல் இரண்டையும் 1882இல் முன்மொழிந்தவர் வில்லியம் சீமென்ஸ். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: ‘கிலோவாட்மணி’ என்று இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுவோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கூடங்குளத்தில் ஓர் அணுஉலை 1000 மெகாவாட். கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். செய்தியில் இந்த இரண்டு எண்ணையும் பார்க்கிறவர், கமுதி கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கூடங்குளம் உலை என்று நினைத்துக்கொள்வார். உலை நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் 2.4 கோடி யூனிட். சூரியப் பலகையில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் என்பது நம் ஊரில் நிறுவுகிறவர்கள் சொல்லும் வழக்கமான கணக்கு. அதன்படி கமுதிக்குச் சுமார் 26 லட்சம் யூனிட் வரும், அதாவது ஒன்பதில் ஒரு பங்குதான். இது கமுதியின் குற்றமல்ல. இரவில் வெயில் கிடையாது, அவ்வளவே. ஒரு கிலோவாட் பலகை 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடியிருந்தால் வந்திருக்க வேண்டியது 24 யூனிட், வந்தது 4. இந்த 17 சதவீதத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். (அனல் நிலையத்துக்குப் பி.எல்.எஃப்., சூரிய நிலையத்துக்கு சி.யு.எஃப். என்று மின்துறைக்காரர்கள் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். தமிழில் ஒரு பெயர் போதும்.)

இதைப் பயனுறுதிறனோடு (எஃபிஷியன்சி, அதாவது பலகை மீது விழும் வெயிலில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்பது) சேர்த்துக் குழப்புவதுதான் பெரிய ஆபத்து. இப்போதைய பலகைகளின் பயனுறுதிறனும் ஏறக்குறைய 20 சதவீதம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருப்பதால் ஒன்றையே இரண்டு தடவை கழித்து, “சூரிய மின்சாரம் தண்டம்” என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலில் சோதித்துத்தான் பலகைக்கு ‘ஒரு கிலோவாட்’ என்று முத்திரை குத்துகிறார்கள். பயனுறுதிறன் அந்த முத்திரைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அது பாதியாக இருந்தால் 5 சதுர மீட்டருக்குப் பதில் 10 சதுர மீட்டர் கூரை வேண்டும். யூனிட் குறையாது.

> ‘கொள்ளளவுக் காரணி’ என்றால் என்ன குறை?

கொள்ளளவு என்றதும் மேட்டூர் அணையின் 93.47 டி.எம்.சி.தான் நினைவுக்கு வரும். பேட்டரிக்கு அந்தச் சொல் பொருந்தும், அதில் நிஜமாகவே ஏதோ சேர்ந்து நிற்கிறது. மின் நிலையத்தில் எதுவும் நிற்பதில்லை.

நான் முதலில் யோசித்தது ‘ஈட்டு விகிதம்’. ஈட்டுக் கடன் என்ற வழக்கு இருப்பதால் அடமானச் சங்கதி மாதிரி ஒலிக்கிறது. விட்டுவிட்டேன். அப்புறம் பட்டது கண்டுமுதல். வயலில் பயிர் நிற்கும்போது ‘இவ்வளவு மூட்டை காணும்’ என்பது மதிப்பு. களத்தில் அடித்து, தூற்றி, அளந்தபின் கைக்கு வருவது கண்டுமுதல். நிறுவுதிறன் (நிலையத்துக்குச் சொல்லப்படும் முழு மெகாவாட்) மதிப்பு, கைக்கு வரும் யூனிட் கண்டுமுதல். சொல்லைப் புதிதாகச் செய்யவே வேண்டாம், பக்கத்தில் ‘விகிதம்’ சேர்த்தால் போதும். ‘வீதம்’ என்று போடாதீர்கள். வீதத்துக்கு அலகு உண்டு, இதற்குக் கிடையாது.

> பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கண்டுமுதல் தெரியுமா?

பலருக்குத் தெரியாது. கெபாசிட்டி ஃபேக்டரும் தெரியாதே! எப்படியும் ஒரு முறை விளக்கித்தான் ஆக வேண்டும்.

> எங்கட பாடப்புத்தகத்தில பவர் என்றால் வலு, எனர்ஜி என்றால் சக்தி. திறன் என்று எழுதினால் எங்கட பிள்ளையள் வேறொன்றை விளங்கிக்கொள்ளுவினம்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது சரி. அங்கே வினைத்திறன் என்றால் நம்முடைய பயனுறுதிறன். அலகே இல்லாத ஒன்றுக்கும் வாட்டில் அளப்பதற்கும் நாம் ஒரே ‘திறன்’ விகுதியை ஒட்டி வைத்திருக்கிறோம். இந்த இடத்தில் அவர்கள் வழக்குத்தான் சுத்தம். ஆனால் 5 எச்.பி. மோட்டார் வரைக்கும் பரவிவிட்ட குதிரைத்திறனை இங்கே யாரும் கைவிட மாட்டார்கள். கண்டுமுதல் விகிதத்தில் திறனும் இல்லை, வலுவும் இல்லை, ஆற்றலா சக்தியா என்ற சண்டையும் இல்லை. இரண்டு பக்கமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும்:

கண்டுமுதல் விகிதம்: குறித்த காலத்தில் ஒரு மின் நிலையம் உண்மையில் தந்த ஆற்றலுக்கும், அதே காலம் முழுக்க நிறுவுதிறனில் ஓடியிருந்தால் தந்திருக்கக்கூடிய ஆற்றலுக்கும் உள்ள விகிதம். அலகு இல்லை.

இலங்கைப் பதிப்பில் ஆற்றலைச் சக்தி என்றும் நிறுவுதிறனை நிறுவுவலு என்றும் மாற்றிக்கொள்ளலாமா என்பதை நண்பர்தான் சொல்ல வேண்டும். பயனுறுதிறனை என்ன செய்வது என்பதைத் தனி இழையில் பேசலாம், இங்கே கலந்தால் இழை நீண்டுவிடும்.